பைதானின் சிங்கிள்டிஸ்பேட்ச்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிய வருபவை

பைதான் நிரல்மொழியின் 3.4 பதிப்பில் ஃபங்க்டூல்ஸ் (functools) மாட்யூலில் சேர்ந்தது சிங்கிள்டிஸ்பேட்ச் (singledispatch). முதல் ஆர்குமென்ட்டின் டைப்பைப் பார்த்து, அதற்கெனப் பதிவான ஃபங்ஷனை ஓட்டும். பிறர் எழுதிய கிளாஸைத் தொடாமலே அதற்குப் புது வேலை கற்றுத்தரலாம். தரவை ஜேசானாக, சிஎஸ்வியாக எழுதும் கோடுக்கு இதைவிட வசதி இல்லை.

இதில் பெரிய ஆபத்து, சத்தமில்லாத தப்பு. பதிவு நடப்பது இம்போர்ட்டின்போது. டெசிமல் என்ற தசம எண் டைப்புக்கான ஃபங்ஷன் தனி ஃபைலில் இருந்து, அதை யாரும் இம்போர்ட் செய்யவில்லையென்றால் எரர் வராது. பொருத்தமான பதிவு இல்லாதபோது ஓடும் அடிப்படை ஃபங்ஷன் ஓடி எதையோ எழுதிவிட்டுப் போய்விடும். டெஸ்ட் பாஸ் ஆகும், ஏனென்றால் டெஸ்ட் ஃபைலே அதை இம்போர்ட் செய்திருக்கும். சர்வரில்தான் குட்டு உடையும். எனவே அடிப்படை ஃபங்ஷன் எதையும் ஸ்ட்ரிங்காக மாற்றிச் சமாளிக்கவே கூடாது. டைப்பின் பெயரைச் சொல்லி டைப்எரர் (தவறான டைப் என்ற எரர்) எழுப்பட்டும். பதிவு ஃபைல்களை எல்லாம் பேக்கேஜின் இனிட் ஃபைலிலேயே (__init__.py) இம்போர்ட் செய்துவிடுங்கள்.

அடுத்தது வாரிசு உறவு. ஒரு கிளாஸுக்குத் தனிப் பதிவு இல்லையென்றால் அதன் தாய் கிளாஸுக்கான ஃபங்ஷன் ஓடும். பூல் (ட்ரூ, ஃபால்ஸ்), இன்ட்டின் (முழு எண்) துணை கிளாஸ். இன்ட்டுக்கு மட்டும் பதிவு செய்து, உள்ளே ஸ்ட்ரிங்காக மாற்றினால், ஜேசானில் சிறிய டி-யில் தொடங்க வேண்டிய ட்ரூ பெரிய டி-யோடு போய் உட்காரும். டேட்டைம், டேட்டின் துணை கிளாஸ். டேட்டுக்கு மட்டும் பதிவு செய்து, உள்ளே ஆண்டு, மாதம், நாளை மட்டும் எழுதினால் மணி, நிமிடம் காணாமல் போகும். பூலையும் டேட்டைமையும் தனித்தனியே பதிவு செய்தாக வேண்டும். எந்த ஃபங்ஷன் ஓடும் என்று சந்தேகம் வந்தால் டிஸ்பேட்ச் மெத்தடிடம் கிளாஸைக் கொடுத்துக் கேளுங்கள், உடனே காட்டிவிடும்.

பதிவு ஃபங்ஷன்களுக்கெல்லாம் அண்டர்ஸ்கோர் (_) என்றே பெயர் வைக்கும் பழக்கம் வேண்டாம். எரர் வந்த வழியைக் காட்டும் ட்ரேஸ்பேக்கில் அதே அண்டர்ஸ்கோர்தான் வரிசையாக வரும். ஃபைலையும் வரி எண்ணையும் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். 'டெசிமல்_எழுது' போல ஒரு பெயர் போதும்.

முதல் ஆர்குமென்ட்டைப் பெயர் சொல்லி அனுப்பினால் டைப்எரர்தான். லிஸ்ட்டுக்குப் பதியலாம், இன்ட்டுகளின் லிஸ்ட் என்று பிரித்துப் பதிய முடியாது.

இரண்டு ஆர்குமென்ட்டின் டைப்பையும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலைக்கு இதை வளைக்காதீர்கள். அப்படி எல்லா ஆர்குமென்ட்டுகளையும் பார்ப்பதை மொழியின் அடித்தளமாகவே வைத்திருப்பது ஜூலியா என்ற நிரல்மொழி. அங்கே சிக்கல் வேறு: (இன்ட், எதுவும்) என்று ஒரு மெத்தட், (எதுவும், இன்ட்) என்று இன்னொன்று, இரண்டு இன்ட் வந்தால் எது பொருத்தம் என்று தெரியாமல் மெத்தட்எரர். (இன்ட், இன்ட்) என்று மூன்றாவதை எழுதினால்தான் தீரும்.