மணற்காட்டு மணலுக்கு இந்த மலைச் சப்பாத்து சரிவருமா?

மலைப்பாதையில் ஓடுவதற்கென்றே செய்த சப்பாத்து இது. யாழ்ப்பாணம் டவுனில் 28,000 ரூபாவுக்கு வாங்கினேன். அடியில் 5 மில்லிமீற்றர் பற்கள், முன்னால் விரலைக் காக்கிற தடித்த ரப்பர், மேலே வலைத்துணி. மலையே இல்லாத குடாநாட்டில் இது எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். வடமராட்சிக் கரையில் இருக்கிற மணற்காடு என்ற ஊரின் மணல்மேட்டில் ஓடி ஏறிப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

நான் ஓடத் தொடங்குவது வல்லிபுர ஆழ்வார் கோயிலடியில். புரட்டாதிப் பௌர்ணமியில் சுவாமி கடல் தீர்த்தத்துக்குப் போகிற பக்கமாகக் கரைக்கு இறங்கி, மணற்காடு வரை கடலோடு ஓடி, மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயிலைக் கண்டதும் திரும்பி, சவுக்கங்காட்டுக்குள்ளால் வருவேன். விடியற்காலையில் அந்தக் கரையின் வடிவைச் சொல்லி முடியாது.

அலை நனைத்த இறுகிய மணலில் சப்பாத்து அருமை. கரை கடல் பக்கம் சரிவதால் ஒரு கால் எப்போதும் தாழ விழும். குதிக்கால் பிடி நல்ல இறுக்கம் என்பதால் கணுக்கால் பிரளவில்லை. வில்லங்கம் காய்ந்த மணலில்தான். அதில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். பல் எவ்வளவு நீளமானாலும் அங்கே கவ்விப் பிடிக்க ஒன்றுமில்லை. போதாததற்கு வலைத்துணியால் மணல் புகுந்து பெருவிரலுக்கடியில் சேர்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் இன்னும் மோசம். கணுக்காலுக்குத் துணியுறை போட்டுப் பார்த்தேன்: மேலால் வருவது நின்றது, வலையால் வருவது நிற்கவில்லை. சவுக்கு வேரிலும் அடம்பன் கொடியிலும் தடக்கும்போது மட்டும் அந்த முன் ரப்பருக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

கண்டிப் பக்கம் இதே சப்பாத்து வேறு ஆள். தேயிலை மலைகளுக்குள்ளால் போகிற நெடுந்தூர நடைபாதையான பீக்கோ பாதையின் முதற்கட்டம், ஹந்தானையிலிருந்து கலஹா வரை. தேயிலைத் தோட்டத்து ஈரமண் இறக்கத்தில் பற்கள் அப்படியே பிடித்து நிற்கின்றன. ஈரக் கல்லில் நிதானம் வேண்டும். அட்டைக்கு எந்தச் சப்பாத்தும் மருந்தில்லை, அதை விடுங்கள்.

மலைநாட்டுக்கும் போய் ஓடுபவர் என்றால் தாராளமாக வாங்கலாம். ஓட ஓடக் கால் வீங்கும், அரை அளவு கூட எடுங்கள். மணற்காட்டுக்கு மட்டும் என்றால் இவ்வளவு காசு வேண்டாம். பல் குறைந்த, நெருங்கிய துணியில் செய்த ஒன்று போதும். எதுவானாலும் பருத்தித்துறையிலிருந்து கோயில் வரையான தார் ரோட்டில் இந்தச் சப்பாத்தோடு ஓடவேண்டாம், பல் தேய்ந்துபோகும். அதுவரை பஸ்ஸில் வாருங்கள்.