மெக்கானம் சக்கர ரோபோ கிட்: மூன்று மாதம் ஓட்டிய பிறகு

சக்கரங்கள் நான்கும் அருமை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி 45 பாகையில் சாய்ந்த சின்ன உருளைகள் விரலால் தட்டினாலே சுழல்கின்றன, மொசைக் தரையில் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடுகிறது. மாட்டும்போது மட்டும் கவனம்: மேலிருந்து பார்த்தால் உருளைகள் பெருக்கல் குறி போலத் தெரிய வேண்டும்.

குறை, கூடவே வரும் நிரலில்தான். ஜாய்ஸ்டிக்கை நேராகத் தள்ளிக்கொண்டே ரோபோவைச் சுழற்றினால் அது நேர்கோட்டில் போகாமல் வட்டமடிக்கிறது, ஏனென்றால் ‘முன்னால்’ என்பதை அந்த நிரல் ரோபோவின் முகத்தை வைத்துக் கணக்கிடுகிறது, அறையை வைத்து அல்ல. கைரோ (ரோபோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று காட்டும் உணரி) தரும் கோணத்தை எடுத்து ஜாய்ஸ்டிக் திசையை அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்பினால் போதும், பத்து வரிகூட ஆகாது. கைரோ பெட்டியிலேயே இருக்கிறது, நிரல் அதைத் தொடவே இல்லை என்பதுதான் வருத்தம். அப்புறம், ஒரு சக்கரத்துக்குக் கணக்கிட்ட வேகம் 100 சதவீதத்தைத் தாண்டினால் நான்கையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும்; இந்த நிரலோ தாண்டியதை மட்டும் வெட்டுகிறது, வேகமாகப் போனால் திசை கோணிவிடுகிறது.

இவ்வளவு திருத்தியும் லேசாக ஒதுங்கியது. காரணம் தாமதம்: கைரோ கோணத்தை அளப்பதற்கும் சக்கரங்கள் கட்டளைப்படி ஓடுவதற்கும் இடையில் கொஞ்சம் நேரம் போய்விடுகிறது. நொடிக்கு 180 பாகை சுழலும் வண்டி 50 மில்லிநொடிக்குள் 9 பாகை திரும்பிவிடும், நாம் அனுப்பும் கட்டளையோ பழைய கோணத்துக்கானது. சுழலும் வேகத்தைத் தாமதத்தால் பெருக்கிக் கோணத்தோடு கூட்டினேன், நடுவில் பென்சில் கட்டிச் சார்ட் பேப்பரில் ஓட்டிப் பார்த்தேன், கோடு நேராக விழுந்தது!

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். பிள்ளைகளுக்கு என்றால் திருத்திக் கொடுக்க ஒருவர் கூட இருக்க வேண்டும்.