ஜீனோம் டெஸ்ட்: ரிப்போர்ட் நன்றாக இருந்தது, ஃபைல் கொடுத்த லட்சணம்தான் சரியில்லை

முழு ஜீனோம் டெஸ்ட், அதாவது ஒருவருடைய மொத்த டிஎன்ஏவையும் படிக்கும் டெஸ்ட், எடுக்கலாமா என்று காரைக்குடி பக்கத்திலிருந்து யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயர் போடவில்லை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) இதயத் தசை தடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் விடாப்பிடியாக இந்த டெஸ்டை எடுக்க வைத்தார். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வந்தார், ரிப்போர்ட்டும் சொன்ன தேதிக்கு வந்தது. 11வது குரோமோசோமில் எம்ஒய்பிபிசி3 என்று இதயத் தசையோடு தொடர்புள்ள ஒரு ஜீன், அதில் 25 டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துத் தெளிவாக எழுதியிருந்தார்கள். இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இந்த விடுபடல் இருக்கிறது என்று 2009லேயே ஆய்வு வந்திருக்கிறது, அதனால் இதை விட்டிருந்தால்தான் ஆச்சரியம். போனில் பேசிய கவுன்சலர் அவசரப்படாமல் தமிழிலேயே விளக்கினார். இதுவரை குறை எதுவும் இல்லை.

சிங்கப்பூர் டாக்டர் மூல ஃபைலையே பார்க்க வேண்டும் என்று கேட்டபோதுதான் வம்பு. மெயிலில் ஒரு லிங்க் வந்தது. பாஸ்வேர்ட் கிடையாது, லாகின் கிடையாது, அந்த லிங்க் யார் கையில் கிடைத்தாலும் திறக்கும், உள்ளே அப்பச்சி பெயரையே ஃபைல் பெயராக வைத்து 50 ஜிபிக்கு மேல் ஒரு பாம் (BAM) ஃபைல், மெஷின் படித்த துண்டுகள் எல்லாம் இருக்கும் ஃபைல் அது. நம்ம ஊர் பிராட்பேண்டில் ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால், விடியும்போது நடுவில் அறுந்து கிடக்கிறது, திரும்பவும் முதலிலிருந்து.

இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான். மனித ஜீனோம் ஒரு செட்டுக்குச் சுமார் 310 கோடி எழுத்து, ஏ சி ஜி டி என்று நாலே எழுத்து, எழுத்துக்கு இரண்டு பிட் வைத்து அடுக்கினால் 800 எம்பிக்குள் முடிந்துவிடும். ஆனால் மெஷின் அதை ஒரே மூச்சில் படிப்பதில்லை, சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறை படிக்கிறது, போதாததற்கு ஒவ்வொரு எழுத்துக்கும் "இதை எவ்வளவு நம்பலாம்" என்று ஒரு மார்க் வேறு போடுகிறது. இடத்தை அதிகம் அடைப்பது அந்த மார்க்தான். எழுத்துகளைச் சுருக்குவது சுலபம், எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துதானே. 2011ல் ஐரோப்பிய உயிர்த்தகவல் நிறுவனமான இபிஐயில் இதை வைத்துத்தான் க்ராம் என்ற ஃபார்மட்டுக்கு வழி போட்டார்கள்: பொதுவான ரெஃபரன்ஸ் ஜீனோமோடு ஒப்பிட்டு, இந்தத் துண்டு எங்கே உட்காருகிறது, எங்கே மாறுகிறது என்பதை மட்டும் எழுதிவைத்தால் போதும். நோவாசீக் 6000 மாதிரி ஜீனோம் படிக்கும் மெஷின்கள் அந்த மார்க்கையும் நாலே நிலைகளுக்குள் அடக்கிவிடுவதால் அதுவும் நன்றாகச் சுருங்குகிறது. இலவசமாகக் கிடைக்கும் சாம்டூல்ஸ் என்ற மென்பொருளில் ஒரே வரி கமாண்ட் போட்டேன், ஃபைல் 20 ஜிபிக்குள் வந்துவிட்டது, படித்த எழுத்து எதுவும் போகவில்லை. ஒரு எச்சரிக்கை: சுருக்கியபோது வைத்த அதே ரெஃபரன்ஸ் இல்லாமல் க்ராம் திறக்காது. எது என்று கம்பெனி சொல்லவே இல்லை, ஃபைலின் தலைப்பகுதியான ஹெட்டரைத் தோண்டித்தான் ஜிஆர்சிஹெச்38 என்று கண்டுபிடித்தேன்.

அப்புறம் பூட்டு. ஜீனோம் ஃபைலைப் பூட்டுவதற்கென்றே கிரிப்ட்4ஜிஹெச் என்று ஒன்று இருக்கிறது, ஜிஏ4ஜிஹெச் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 2019ல் தரமாக ஏற்றுக்கொண்டது, இதுவும் இலவசம்தான். ஃபைலை 64 கேபி துண்டுகளாக வெட்டித் தனித்தனியே பூட்டுகிறது, அதனால் அந்த 25 எழுத்தைப் பார்க்க 20 ஜிபியையும் திறக்க வேண்டியதில்லை, அந்த இடத்துத் துண்டுகளைத் திறந்தால் போதும். ஒரு துண்டுக்குள் யாராவது கை வைத்து மாற்றியிருந்தாலும் திறக்கும்போது தெரிந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் ஹெட்டர், ஃபைலைத் திறக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. வீட்டில் பொருள் வைக்கும் அறையின் சாவியை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை மட்டும் வாங்குபவர் சாவிக்குத் திறக்கிற மாதிரி பூட்டிக் கொடுப்பது போல. சிங்கப்பூர் டாக்டருக்குக் கொடுத்ததை நாளைக்கு மதுரை டாக்டருக்கும் கொடுக்க வேண்டுமென்றால் ஹெட்டரை மாற்றினால் போதும், மொத்த ஃபைலையும் மறுபடி பூட்ட வேண்டாம். ஒழுங்கு மட்டும் மாறக்கூடாது: முதலில் சுருக்கம், பிறகுதான் பூட்டு. பூட்டிய ஃபைலை ஜிப் செய்தால் ஒரு எம்பிகூடக் குறையாது.

வீட்டில் ஆச்சி, "இதை எவன் எடுத்து என்ன பண்ணப்போறான்" என்றார். பாஸ்வேர்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம், ஜீனோமை மாற்ற முடியுமா? அதுவும் அது அப்பச்சி ஒருவருடையது மட்டும் இல்லை. 2023ல் 23அண்ட்மீ என்ற அமெரிக்க டிஎன்ஏ டெஸ்ட் கம்பெனியில் நேரடியாக உடைந்தது சுமார் 14,000 கணக்குதான், சொந்தம் தேடும் வசதி வழியாக வெளியே போனது 69 லட்சம் பேருடைய விவரம். ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம்ம நகரத்தார் வீடுகளில் ஒருவர் ஃபைல் வெளியே போனால் பங்காளி, சம்பந்தி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சம் போகிறது என்றுதான் அர்த்தம். நாளைக்குப் பெண் பார்க்கும் இடத்தில் இது ஒரு பேச்சாகக் கிளம்பினால் யார் பதில் சொல்வது?

கருவிகளிலும் குறை உண்டு. சாம்டூல்ஸ், கிரிப்ட்4ஜிஹெச் இரண்டிலுமே பட்டன் கிட்டன் கிடையாது, கருப்புத் திரையில் டைப் செய்ய வேண்டும். பூட்டிய ஃபைலைச் சாம்டூல்ஸ் நேரடியாகப் படிக்க வேண்டுமென்றால் தனி ப்ளக்இன் போட வேண்டும். திறப்பதற்கு நம்மிடமே வைத்திருக்கும் ரகசியச் சாவியைத் தொலைத்தால் அவ்வளவுதான். இதைச் செய்ய வேண்டியது கம்பெனி, காசு கட்டிய வீட்டுக்காரர்கள் இல்லை.

ரிப்போர்ட்டுக்கு ஐந்துக்கு நாலு, ஃபைல் கொடுத்ததற்கு ஒன்று. பணம் கட்டுமுன் க்ராமில் தருவீர்களா, என் பொதுச் சாவிக்கு (பூட்டுவதற்கு மட்டும் பிறருக்குக் கொடுக்கும் சாவி) பூட்டித் தருவீர்களா, உங்களிடம் இருக்கும் பிரதியை எப்போது அழிப்பீர்கள் என்று மெயிலில் கேளுங்கள். நான் எழுதியதும் லிங்க்கை மூடிவிட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். பிரதியை அழிப்பது பற்றி மட்டும் "டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு சத்தமே இல்லை.