ரைஸ் மில் கரியும் எங்கள் கடலைக் கொல்லையும்

ஆலங்குடிப் பக்கத்து நண்பர் போனில் கேட்டார்: "மில்லுல கேசிஃபையர் கரி சும்மா தர்றாங்களாமே, கொல்லைக்கு ரெண்டு லோடு அடிக்கலாமாண்ணே?"

உமியை எரித்து வாயு எடுக்கிற கருவிதான் கேசிஃபையர், அதில் மிஞ்சும் உமிக்கரியைத்தான் கேட்கிறார். சும்மா என்பது மில் வாசல் வரைதான். லாரி வாடகையும் ஏற்றுக்கூலியும் நம் தலையில். உமிக்கரி கனமில்லாத சரக்கு. வண்டி நிறைந்துவிடும், எடை ஏறாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் செம்மண் மழை விட்டு நாலு நாள் காய்ந்தால் இறுகிப்போகும். கடலை பறிக்கும்போது செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள் நின்றுவிடும். அப்புறம் களைக்கொத்தியால் கிண்டி எடுக்கத் தனிக் கூலி. நான் கரி போட்டுப் பார்த்த பக்கம் கொத்தோடு காயும் வந்தது. பறிக்க வந்த பெண்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்காகக் கடலைக்குப் போடும் ஜிப்சத்தை நிறுத்தவில்லை. கரி உரம் கிடையாது. சாணிக்கரைசலில் ஊறப்போட்டுத்தான் போட வேண்டும். வெறுமனே போட்டால் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அமேசான் காட்டில் அந்தக் காலத்து மக்கள் கரி சேர்த்து உண்டாக்கிய வளமான கறுப்பு மண்ணைக் காட்டி வீடியோ போடுகிறவர்கள், அங்கே கரியோடு எலும்பும் மீன் கழிவும் சேர்ந்திருந்ததைச் சொல்வதில்லை. களர் நிலக்காரர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், இதற்குக் காரத்தன்மை அதிகம்.

இனி வயிற்றெரிச்சல். கேசிஃபையரில் காற்றைக் குறைத்து உமியை எரிக்கிறார்கள். வாயு இன்ஜினுக்குப் போகிறது, கரி கீழே விழுகிறது. விழுந்ததும் தண்ணீர் அடித்து அணைக்க வேண்டும். அணைக்காமல் குவித்தால் உள்ளுக்குள்ளேயே கனன்று சாம்பலாகிவிடும். உமியின் எடையில் சுமார் 20 சதவீதம் சாம்பல், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. கரிமம் எரிந்துபோனால் மிஞ்சுவது அதுதான். கடைசியாக வந்த லோடில் சாக்கைப் பிரித்தால் மேலே கறுப்பு, கையை உள்ளே விட்டால் வெளிறிய தூள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் கொட்ட முடிந்தது. மேனேஜரிடம் கேட்டால், "எல்லாம் ஒரே கரிதானேண்ணே" என்கிறார். நியாயமாகப் பார்த்தால் அவர் விற்பது அரிசி, கரி அவருக்குக் கழிவு. ஆனால் வாடகை கொடுத்தவனுக்கு அந்த நியாயம் எப்படி இறங்கும்?

வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். ஆனாலும் ஆடிப் பட்டத்துக்கு முன்னால் நான் ஒரு லோடு சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கரி அணைக்கிற நேரத்துக்கு மில்லில் போய் நிற்பேன்.