கம்பி வலை வேலியை இழுத்துக் கட்ட எது தோது? கடப்பாரை முதல் பவர் புல்லர் வரை

வேலி போட்டு ஒரு கார்த்திகை மழை கடப்பதற்குள் செயின் லிங்க் வலை வயிறு தள்ளி நிற்கிறது என்றால், இன்னும் பலமாக இழுத்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் குறை பலத்தில் இருக்காது. இழுத்த பலமெல்லாம் ஒரே இடத்தில் விழுந்திருக்கும். ஐந்தடி வலையின் நடுவில் மட்டும் கொக்கி மாட்டி இழுத்தால் நடுக்கண்கள் நீளும், மேல்வரிசையும் கீழ்வரிசையும் தளர்ந்தே கிடக்கும். அதனால் எந்தக் கருவியாக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இழுப்பு முழு உயரத்துக்கும் பரவுகிறதா? கட்டி முடிக்கும்வரை பிடி நழுவாமல் நிற்கிறதா? கடைசித் தூணை அது என்ன செய்கிறது?

இங்கே எடுத்துக்கொள்வது தோட்டத்துக்கும் விளைக்கும் வழக்கமாகப் போடும் வலை: 10 கேஜ் (3.25 மி.மீ.) அல்லது 12 கேஜ் (2.64 மி.மீ.) ஜிஐ (துத்தநாகம் பூசிய) கம்பி, இரண்டு அல்லது மூன்று அங்குலக் கண், ஐந்து அல்லது ஆறடி உயரம், எட்டு முதல் பத்தடிக்கு ஒரு தூண், மேல், நடு, கீழ் என மூன்று லைன் கம்பி (தூணுக்குத் தூண் படுக்கையாக ஓடி வலையைத் தாங்கும் கம்பி).

கடப்பாரை

ஊரில் பாதி வேலிகள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. வலைக் கண்ணுக்குள் கடப்பாரையைக் கொடுத்து, முனையைத் தூணில் முட்டுக்கொடுத்து ஒருவர் நெம்புவார், இன்னொருவர் கட்டுக்கம்பி முறுக்குவார். செலவில்லை, வேகமும் உண்டு. முப்பது நாற்பதடி வீட்டுத் தோட்டத்துக்கு, நாலடி வலைக்கு இது போதும்.

அதற்கு மேல் போனால் சிக்கல். நெம்பும்போது ஒரு முறைக்கு ஒரு கண்ணில்தான் பிடி விழுகிறது. மேலே கட்டிவிட்டுக் கீழே வந்தால், மேலே கட்டியது அதற்குள் அரை அங்குலம் விட்டிருக்கும். கல்தூணாக இருந்தால் இன்னொரு கேடும் உண்டு: கடப்பாரை முனை உரசும் விளிம்பில் கல் சில்லு பெயரும், தூண் ஏற்கெனவே நீரோட்டம் (உள்ளே ஓடும் விரிசல் கோடு) விழுந்த கல் என்றால் அந்த இடத்திலேயே உடையும். "நல்லா இழுத்தாச்சு அண்ணாச்சி" என்று சொன்னதும் கூலியைக் கொடுத்துவிடாமல், இரண்டு தூணுக்கு நடுவில் அடுத்தடுத்த இரண்டு கம்பிகளைக் கையால் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் நெருங்கினால் வலை இன்னும் தளர்வுதான். மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் இந்தச் சோதனை வேண்டும். கடப்பாரையில் இழுத்த வலை பெரும்பாலும் கீழ்வரிசையில்தான் தோற்கும்.

பவர் புல்லரும் ஒரு 12 மி.மீ. கம்பியும்

நூறடி, இருநூறடி ஓடும் வேலிக்கு இதுவே முதல் தேர்வு என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. கைப்பிடியை முன்னும் பின்னும் அடிக்க அடிக்க ஒவ்வொரு பல்லாக ஏறும் ராட்செட் கருவிதான் பவர் புல்லர். ஒரு டன் திறன் உள்ளதே ஆறடி வலைக்குத் தாராளம். ஆனால் கருவியைவிட முக்கியம் அந்த 12 மி.மீ. கம்பி. வலை உயரத்தைவிட நான்கு அங்குலம் நீளமாக வெட்டி, ஒரே வரிசைக் கண்கள் எல்லாவற்றிலும் மேலிருந்து கீழாகக் கோத்துவிட்டால், இழுப்பு ஒரு கண்ணில் விழாமல் எல்லாக் கண்ணிலும் பரவும்.

வேலை நடக்கும் முறை இது. லைன் கம்பிகளை முதலில் இழுத்துக் கட்டிவிட வேண்டும். வலையின் ஒரு முனையில் ஒரு 12 மி.மீ. கம்பி கோத்து, முதல் தூணோடு அடிக்கு ஒரு கட்டு. பிறகு சுருள் முழுவதையும் விரித்து, தூண்களில் சாய்த்து நிறுத்தி, மேல் லைன் கம்பியில் ஆங்காங்கே தளர்வாகக் கொளுவிவிடுங்கள். இறுக்கிக் கட்டிவிட்டால் வலை நகராது, இழுப்பு அந்த இடத்தோடு நின்றுவிடும். மறுமுனையில் தூணுக்கு மூன்றடி முன்னாலேயே இரண்டாவது கம்பியைக் கோக்கவும். அதில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் சங்கிலி மாட்டி, இரண்டையும் ஒரே வளையத்தில் சேர்த்து, புல்லர் கொக்கியை அந்த வளையத்தில் போடவேண்டும். ஆறடி வலை என்றால் ஒரு புல்லருக்குப் பதில் மேலொன்று கீழொன்று என்று இரண்டு வைத்து, மாற்றி மாற்றி இரண்டிரண்டு பல்லாக ஏற்றுவது நல்லது. கீழ்விளிம்பு தரையில் உரசிப் பின்தங்கும், தனிப் புல்லர் இருந்தால்தான் அதைக் கூட்டிக்கொண்டு வரமுடியும்.

எதுவரை ஏற்றுவது? வலை நீள நீள உயரம் குறையும். கண் சதுரமாக நின்றது பக்கவாட்டில் நீண்டு தெரிய ஆரம்பித்தால் அளவு கடந்துவிட்டது, இரண்டு மூன்று பல் இறக்கிவிடுங்கள். இறுக்கம் சரி என்றதும், புல்லரைத் தொடாமல், தூணை ஒட்டிய கண்வரிசையில் நிரந்தரக் கம்பியைக் கோத்துத் தூணோடு கட்டி, அதன்பிறகே புல்லரை ஒவ்வொரு பல்லாக விடவேண்டும். புல்லரின் வடத்துக்கு நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. வடத்தின்மேல் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் துள்ளல் குறையும். கடைசியாக லைன் கம்பியோடு வலையைக் கட்டுவது: மேலே அடிக்கு ஒன்று, நடுவிலும் கீழும் ஒன்றரை அடிக்கு ஒன்று.

மூலை வந்தால் வலையை வளைத்துக்கொண்டு போகாமல் அங்கேயே முடித்து, புதிதாகத் தொடங்க வேண்டும். களக்காடு, மணிமுத்தாறு பக்கம் மலையடிவாரச் சரிவு நிலங்களில் சரிவு மாறும் இடம் ஒவ்வொன்றும் ஒரு மூலைதான்.

லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டையும் சிலர் புல்லராகப் பயன்படுத்துகிறார்கள். இருபது முப்பதடிக்குச் சரி. பெல்ட் தானே நீளும் என்பதால் ஐம்பதடிக்கு மேல் எவ்வளவு இழுத்தோம் என்று பிடிபடாது.

செயின் பிளாக், டிராக்டர்

செயின் பிளாக் நேர் மேலே பாரம் தூக்கச் செய்தது. படுக்கையாக இழுத்தால் சங்கிலி பள்ளத்தில் சரியாக உட்காராமல் சிக்கும். கைப்பிடியை ஆட்டி இயக்கும் லீவர் பிளாக் எந்தத் திசையிலும் இழுக்கும், ஆனால் வலைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பலம் அதில் இருக்கிறது. கையில் இருந்தால் பயன்படுத்தலாம், இதற்காக வாங்க வேண்டாம்.

டிராக்டர் வேண்டவே வேண்டாம். கிளட்ச் விடும் அந்த ஒரு நொடியில் எவ்வளவு இழுப்பு விழுகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. தூண் சாய்வதோ கொக்கி பிய்வதோ நடந்த பிறகுதான் தெரியும்.

டர்ன் பக்கிளும் கம்பியை நெளிப்பதும்

இவை இரண்டும் வலைக்கு அல்ல, லைன் கம்பிக்கு. டர்ன் பக்கிள் என்பது இரண்டு முனையிலும் மரை உள்ள, நடுவைத் திருகினால் கம்பியை இறுக்கும் இணைப்பு. டர்ன் பக்கிளின் பெரிய நன்மை, அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் ஒரு ஸ்பேனரால் திருப்பி இறுக்கலாம் என்பது. மாட்டும்போது முழுக்கத் திறந்த நிலையில் மாட்டவேண்டும். பாதி மூடியதை மாட்டினால் முதல் நாளிலேயே மரை தீர்ந்துவிடும். கம்பியைக் கையால் இயன்றவரை இழுத்த பிறகே டர்ன் பக்கிள் திருகவேண்டும், மொத்தத் தொய்வையும் அது எடுக்காது.

நெளிப்பது என்பது கட்டிங் பிளேயரால் லைன் கம்பியை முழத்துக்கு ஒரு இடத்தில் இசட் வடிவில் மடக்கிவிடுவது. காசில்லாமல் தொய்வு போகும். ஆனால் மடங்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு விரிசல் விடும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் போல் உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். கடலோரம் என்றால் டர்ன் பக்கிள், மானூர் பக்கம் உள்நாட்டில் என்றால் நெளித்தாலும் பாதகமில்லை.

லைன் கம்பியை எந்நேரம் இழுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். பங்குனி மதியம் சூடேறிய கம்பி இரவில் 25 டிகிரி குளிர்ந்தால், நூறடியில் ஏறக்குறைய 9 மி.மீ. சுருங்கப் பார்க்கும். இரண்டு முனையும் அசையாத தூண் என்றால், 10 கேஜ் கம்பி ஒவ்வொன்றிலும் சுமார் 50 கிலோ இழுப்பு கூடும். மூன்று கம்பிக்கு 150 கிலோ, அத்தனையும் கடைசித் தூணில். ஆகவே விடியற்காலைக் குளிர்ச்சியில் இழுப்பதே நல்லது. மதியம் சற்றுத் தளர்ந்து தெரிந்தால் திருகப் போக வேண்டாம்.

பழைய வலை தொங்கினால்

பழைய வலையில் புல்லர் போடுமுன் கட்டுக்கம்பிகளை எல்லாம் அவிழ்க்க வேண்டும், அது பெரிய வேலை. தொய்வு மூன்று நான்கு அங்குலம்தான் என்றால் இழை (வலையில் மேலிருந்து கீழாக நெளிந்து ஓடும் ஒற்றைக் கம்பி) கழற்றுவது எளிது. ஒரு இழையின் மேல்முடிச்சையும் கீழ்முடிச்சையும் பிளேயரால் விரித்து, திருகாணியைச் சுழற்றுவது போலச் சுழற்றினால் இழை மேலே வந்துவிடும். இரண்டு அங்குலக் கண்ணில் ஓர் இழை குறைந்தால் வலை சுமார் 1.4 அங்குலம் சுருங்கும். ஆனால் இரட்டைப்படையில்தான் குறைக்க வேண்டும்: மூன்றைக் கழற்றி ஒன்றைத் திரும்பச் சுழற்றி ஏற்றினால் இரண்டு குறையும், 2.8 அங்குலம் கிடைக்கும். ஒற்றைப்படையில் குறைத்தால் விளிம்பு அரைக்கண் ஏறி நிற்கும், மேல்முடிச்சுகள் ஜோடி சேராது. இரண்டு பக்க வலையையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்க இங்கே அந்த ராட்செட் பெல்ட் நன்றாக உதவும்.

தூண் தாங்கவில்லை என்றால் எல்லாமே வீண்

எந்தக் கருவியும் வலையை இறுக்குகிற அளவுக்குத் தூணையும் இழுக்கிறது. கடைசித் தூணுக்கும் மூலைத் தூணுக்கும் முட்டு கட்டாயம். முட்டுக்கல் வேலி ஓடும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஸ்டே கம்பி (தூணிலிருந்து சாய்வாகத் தரைக்கு இழுத்துக் கட்டும் கம்பி) கட்டுவதானால் அதற்கு எதிர்ப்பக்கத்தில். ஒன்று தள்ளித் தாங்குகிறது, மற்றது இழுத்துத் தாங்குகிறது. பக்கம் மாறினால் இரண்டுமே அலங்காரம்தான். கான்கிரீட் போட்டு ஏழு நாள் நனைத்த பிறகே இழுக்கத் தொடங்கலாம்.

மண்ணைப் பார்த்து இதில் மாற்றம் உண்டு. கங்கைகொண்டான் பக்கக் கரிசலில் கோடையில் தூணைச் சுற்றி மண் வெடித்து விலகும், மழையில் உப்பித் தள்ளும். அங்கே மூலைத் தூண் மூன்றடி ஆழம் இறங்கட்டும், லைன் கம்பிக்கு டர்ன் பக்கிள் கட்டாயம் இருக்கட்டும். திசையன்விளைப் பக்கத் தேரி மணல் (செம்மணல்) பக்கவாட்டில் பிடிக்காது. முட்டைவிட, ஐந்தடி தள்ளி மூன்றடி ஆழத்தில் இரண்டடிக் கல்லைக் குறுக்காகப் புதைத்து, அதிலிருந்து ஸ்டே கம்பி கொண்டுவருவதே அங்கு நிற்கும்.

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடிக்காற்றுக்கு வெறும் வலை அசையாது. அதே வலையில் பச்சை வலையோ பழைய சேலையோ கட்டினால் வேலி முழுவதும் பாய்மரம் போல் காற்றை வாங்கும். அப்படிக் கட்டுவதாக இருந்தால் முதலிலேயே ஐந்து தூணுக்கு ஒரு முட்டு கொடுத்துவிடுங்கள். பன்றி வரும் மலையடிவாரத்தில் கவனம் கீழே இருக்கட்டும். அது மூக்கை விட்டுக் கீழ்விளிம்பைத்தான் தூக்கும், ஆகவே கீழ் லைன் கம்பியை 8 கேஜில் (4.06 மி.மீ.) போட்டு, கட்டு அடிக்கு ஒன்றாக்கி, தூண்களுக்கு நடுவில் ஒரு கல்லைப் புதைத்து அதிலும் கீழ்க்கம்பியைக் கட்டிவிட வேண்டும்.