லாங்வுட் சோலையில் சிறுவர் நடை: காலை நன்று, பிற்பகல் அன்று

நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலை என்னும் மலைக்காட்டுக்குள், வனத்துறையின் அனுமதியுடன், சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லும் வார இறுதி நிகழ்ச்சியொன்றில் ஆறு வயது மகளுடன் கலந்துகொண்டேன்.

காலை நடையை வழிநடத்தியவர் அறிவுரை எதுவும் கூறாமலேயே தொடங்கினார். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய, மிதிபட்டு இறுகிய பாதையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். அது மண்ணைக் கரைத்துக்கொண்டு சரிவில் ஓடிற்று. சோலைக்குள் சென்று இலைமக்கு மூடிய தரையில் அதே குவளையைக் கவிழ்த்தபோது, தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே இறங்கி மறைந்தது. குழந்தைகள் மக்கில் விரல் நுழைத்து ஈரம் எதுவரை இருக்கிறதென்று பார்த்தனர். தொட்டதும் சுருண்ட மரவட்டை மறுபடி நிமிரும் வரை ஒருவரும் நகரவில்லை. மழை ஓய்ந்த பிறகும் ஓடையில் நீர் எப்படி ஓடுகிறது என்பதை அதன் பின்னரே விளக்கினார். இச்சோலை 2024ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதைப் பெற்றோரிடம் மட்டும் சொன்னார். ஆறு வயதுக்கு அது எதற்கு?

பிற்பகல் நிகழ்ச்சி ஏமாற்றமளித்தது. உறுதிமொழி வாசித்த கையோடு, அருகிலிருந்த புல்சரிவில் ஆளுக்கொரு மரக்கன்று நடச் செய்தனர். சமவெளியில் இதைக் குறைகூற இயலாது; நீலகிரியின் உயர்ந்த சரிவுகளிலோ, பள்ளங்களில் சோலையும் மேட்டில் புல்வெளியுமாக அமைந்திருப்பதே இயற்கை. வரையாடு மேய்வதும் அப்புல்வெளிகளில்தான். அவற்றை வெறும் தரிசாக எண்ணி, 19ஆம் நூற்றாண்டு முதல் வெளிநாட்டு மரங்களான சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதால், தானே பரவும் சீகையை அகற்ற வனத்துறை இன்றும் பாடுபடுகிறது. மரம் நட்டாலே நன்மை என்று பிஞ்சு வயதில் பதிந்துவிட்டால், புல்லும் காக்கத்தக்கது என்பதைப் பிறகு புரியவைப்பது கடினம். ஏற்பாட்டாளர்களிடம் இதைக் கூறினேன். பெற்றோர் படமெடுக்க விரும்புவதால் சேர்த்திருப்பதாகப் பதில் வந்தது.

கட்டணம் சற்றுக் கூடுதல். அவித்த நிலக்கடலையைத் தொன்னையில் கொடுத்தனர். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டு செல்லுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும். முழங்கால் வரையிலான காலுறை அவசியம். காலை நடைக்கு மட்டும் தனியாகப் பதிவு செய்யும் வசதி உண்டு. அதையே பரிந்துரைக்கிறேன்.