499 ரூபாய் இங்கிலீஷ் வகுப்பு: 'கு' வரைக்கும் ஓகே, அப்புறம்?

ஆபீஸ் மெயிலில் 'பிளீஸ் எக்ஸ்பிளெயின் மீ' என்று எழுதி எழுதி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதைச் சரிசெய்யத்தான் 499 ரூபாய் கட்டி ஒரு ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மற்ற வீடியோக்கள் சுமார் ரகம். ஒரு வினைக்கு இரண்டு செயப்படுபொருள் வருகிற பாடத்தை மட்டும் சொல்கிறேன், கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்ததும் எரிச்சல் வந்ததும் அதில்தான்.

ஆரம்பம் அருமை. 'தம்பிக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்' என்பதை நாம் எப்படித் திருப்பிப் போட்டாலும் 'ஐ', 'கு' என்ற உருபுகள் அர்த்தத்தைக் காப்பாற்றிவிடும். பழைய இங்கிலீஷிலும் இப்படி உருபுகள் இருந்தன, தேய்ந்துபோய்விட்டன, இப்போது சொல் நிற்கிற இடம்தான் அங்கே வேற்றுமை. 'ஐ கேவ் மை பிரதர் எ புக்': ஆள் முன்னே, பொருள் பின்னே. பொருளை முன்னே கொண்டுவந்தால் ஆளுக்கு முன் ஒரு 'டு' வேண்டும். சார் இதைப் பத்தே நிமிடத்தில் புரியவைத்துவிட்டார்.

அடுத்த நிமிடமே சறுக்கினார். "கு வந்தா டு போடுங்க, அவ்வளவுதான்" என்றார். நம்ம 'கு' அவ்வளவு சாதுவா என்ன? அம்மாவுக்குப் புடவை அனுப்பினால் 'டு', அதே புடவையை அம்மாவுக்கு வாங்கினால் 'ஃபார்'. சமைப்பது, செய்து தருவது எல்லாம் 'ஃபார்' கட்சி. அவரை நம்பி 'ஐ பாட் எ சாரி டு மை மதர்' என்று பயிற்சியில் எழுதினேன், அவங்க ஆப்பே சிவப்பு காட்டியது!

சரி, என் பழைய வியாதிக்காவது மருந்து இருக்கும் என்று கடைசிவரை பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. 'எக்ஸ்பிளெயின்', 'சஜஸ்ட்', 'டிஸ்கிரைப்', 'சே' என்ற வினைகளெல்லாம் ஆளைத் தன்னை ஒட்டி உட்காரவிடாது, 'எக்ஸ்பிளெயின் திஸ் டு மீ' என்றுதான் வரவேண்டும். 'டெல்' அப்படியே தலைகீழ், 'டெல் டு ஹிம்' என்றால் தப்பு, வெறும் 'டெல் ஹிம்' போதும். நமக்கு சேயும் டெல்லும் ஒரே 'சொல்' என்பதால் தமிழ் வழியில் படித்தவர்கள் வழுக்கி விழுகிற இடமே இதுதான். கடைசியில் டிக்‌ஷனரியில் இருக்கும் உதாரண வாக்கியங்களைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

ஐந்துக்கு இரண்டரை ஸ்டார். மூன்று கொடுத்திருப்பேன். சந்தேகம் கேட்கும் பெட்டியில் இதைக் கேட்டதற்கு நாலு நாள் கழித்து வந்த பதில்: 'அவர் டீச்சர் வில் எக்ஸ்பிளெயின் யூ சூன்.'